பக்கத்துச் சதை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். கடைத்தெருவில் கட்டிய கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு வயதான தம்பதி காஜா பேராங் போகும் பஸ்ஸில் ஏறி, எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"சுத்தியிருக்கிற சதைதான் சுரப்பியை வளரச் சொல்லுதாம்," என்றார் பெரியவர் மனைவியிடம்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"எந்தச் சுரப்பிங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மெதுவா பேசு. மூத்திரப்பைக்குக் கீழே, ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிறது."

"சதை எப்படிங்க சொல்லும்?"

"வாயாலயா சொல்லும்? தாய் வயித்துல இருக்கும்போதே அப்படித்தானாம். பக்கத்துச் சதை இல்லாட்டி அந்தச் சுரப்பியே உண்டாகாதுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இந்த வயசுல எனக்கு ரெண்டும் சேர்ந்து பெருத்துப்போச்சு. அதான் மூத்திரம் அடைச்சுக்குது."

"கேன்சர் இல்லையே?"

"இல்லை கமலம். அறுத்து எடுத்தா சரியாயிடுமாம்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேன்சரா இருக்குமோங்கிற பயத்துலதான் மாப்பிள்ளைகிட்ட கடைச் சாவியைக் கொடுத்தீங்களா?"

"ஆமா. நீ பயந்துடுவேன்னு சொல்லலை."

"இன்னிக்கே திருப்பி வாங்கிடுங்க."

அவர் யோசித்தார்.

"வேணாம். மாப்பிள்ளை நல்லாத்தான் பார்த்துக்கறாரு. கடை திறக்கிற நேரத்துல வீட்டுல உன்கூட உட்கார்ந்து காப்பி குடிக்கிறது எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும்தான்," என்றார்.