கல்லறை மண்

அம்பத்தூரில் ரயில் பதினொரு நிமிடம் நின்றது. எங்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எதிரே இருந்த பெண், ஒரு கிறிஸ்தவப் புனிதரின் கல்லறையில் எடுத்த மண்ணைப் பொட்டலமாக மடியில் வைத்திருந்தாள். கொயினா மாத்திரைக்கும் அடங்காத மகளின் காய்ச்சலுக்கு அதை நெற்றியில் பூச வேண்டுமாம். பக்கத்திலிருந்த மாட்டுவண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

“அது நெமிலிச்சேரி ஏரி மண்ணும்மா. வர்றவங்க அள்ளி அள்ளி குழி உழுந்துடுது. மாசம் ஒரு வண்டி நான்தான் கொட்டிகினு கீறேன்.”

“உன் வண்டில கீற வரைக்கும் ஏரி மண்ணு, அண்ணாத்தே. அவரு மேல கொட்டிட்டா அவரு மண்ணு.”

“கொட்டுன ஒடனேவா?”

“பின்ன, மனு எழுதிப் போட்டாத்தான் மாறுமா? நீ எத்தினி வருசமா கொட்டுறே?”

“ஆறு வருசம்.”

“ஒரு நாளாச்சும் உனக்கு ஜொரம் வந்துதா?”

அவர் யோசித்தார். “இல்லே. ஆனா மாட்டுக்கு வந்துச்சே!”

“மாடு மண்ணத் தொட்டுதா? வண்டியத்தானே இஸ்துது!”

ஆவடியில் இறங்கும்போது வண்டிக்காரர் திரும்பினார்.

“நெத்தில மட்டும் பூசாதே, தங்கச்சி. உள்ளங்கால்லயும் தேயி. நான் மிதிச்சிகினுதான் கொட்டுவேன்.”