பஞ்சு கிழிந்த இடம்

பஞ்சு நல்லதாக அமைந்துவிட்டால் எங்கள் தொழிலில் பாதி வேலை முடிந்த மாதிரிதான், சார்.

செம்பட்டி ரோட்டுப் பட்டறையில் பதினோரு வருஷமாக விமானப் பாகங்களுக்கு நிக்கல் ஏற்றுகிறேன். அதற்கு முன்னால் திண்டுக்கல்லில் பூட்டுக்கு முலாம் போட்டுக்கொண்டிருந்தேன். பூட்டை அப்படியே தொட்டியில் முக்கிவிடலாம். இது அப்படியில்லை. தேய்ந்த இடத்தில் மட்டும் உலோகம் ஏற வேண்டும். ஒரு கரிக்கட்டியில் பஞ்சைச் சுற்றி, நிக்கல் கரைசலில் நனைத்து, மின்சாரம் ஓட ஓட அந்த இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருப்போம். நான் செய்து அனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதலாளி அப்துல் வாஹித் பாய் இதைத்தான் முதலில் சொல்வார்.

போன மாசியில் ஒரு பயிற்சி விமானத்தின் சக்கரத் தண்டு வந்தது. தேய்த்துக்கொண்டிருக்கும்போது பஞ்சு ஓரிடத்தில் கிழிந்ததை நான் கவனிக்கவில்லை. கரி நேராக எஃகில் பட்டு ஒரு பொறி. கடுகளவு கறுப்புப் புள்ளி. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியதாக ஆகிவிடும். பிறகு விரிசல் அங்கேதான் தொடங்கும். அப்படிப் பட்டால் தண்டை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரியும்.

புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே நிக்கல் ஏற்றினேன். அழகாக வந்திருந்தது.

சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் அறிவுச்செல்வி, சின்னாளப்பட்டிக்காரி. அளவெல்லாம் பார்த்துவிட்டு, “அண்ணே, நடுவுல பொறி கிறி எதுவும் படலையில்ல?” என்று கேட்டாள். நிக்கல் ஏறிய பிறகு பொறி பட்ட இடம் வெளியே தெரியாது, அதைச் செய்தவன் சொன்னால்தான் உண்டு.

“இல்லம்மா. என் கையில என்னைக்கு அப்பிடி ஆகியிருக்கு?”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அதிலிருந்து ஐந்தாம் மாதம், விமானம் இறங்கும்போது அந்தத் தண்டு முறிந்தது. தனியாக ஓட்டி வந்த ஜீவிதாவுக்கு இருபத்திரண்டு வயது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அன்றைக்கு வெஞ்சனம் தொட முடியவில்லை, வெறுஞ்சோறு தின்றேன். தின்றேன் என்று சொல்லவே கூசுகிறது.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னையும் கேட்டார்கள். “அந்தப் புள்ள அன்னைக்கு அவசரமாத்தான் பாத்துச்சு” என்றேன். அறிவுச்செல்விக்கு வேலை போனது. வழக்கும் அவள் மேல்தான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னிடம் வந்து, “நாந்தேன் சரியாப் பாக்கல போலண்ணே” என்றாள்.

“விடும்மா, யாருக்கும் வாரதுதேன்” என்று ஆறுதல் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. பொறி பட்டது என் கையால். மறைத்ததும் நான்தான். அவள் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு முன்னாலும் இரண்டு தண்டுகளில் இப்படிப் பட்டிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இதையும் விட்டேன். அவை இரண்டும் இன்று வரை பறந்துகொண்டிருக்கின்றன. எந்தெந்த விமானம் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்ததால்தான், சார், இத்தனை நாளும் சொல்லவில்லை.