மழைத்தண்ணி கேட்கும் செடி

பாண்டியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன். பக்கத்து சீட்டில் உப்பளத்து வேலைக்காரப் பெண்கள் இருவர். இளையவள் மடியில் தொட்டியோடு ஒரு குட்டைப் புதர்ச்செடி.

“இதுக்கு மழைத்தண்ணிதான் ஊத்தணுமாம், அண்ணி.”

“இன்னா செடிடி இது?”

“ப்ளூபெர்ரி. தொட்டியிலயே காய்க்கும்னு நர்சரிக்காரர் சொன்னாரு. நீலமா, களாக்கா சைசுல.”

“சுனாமித் தண்ணியில முருங்கையே கருகிப்போச்சு. கிணறு இன்னும் கரிக்குது.”

“அதான் மழைத்தண்ணி.”

“மழை பேஞ்சா பாத்தியில உப்பு கரைஞ்சிடும், நமக்கு வேலை கிடையாது. நீ மழைய கேக்குறியா?”

“கேக்கலைன்னாலும் பேயுது. வேலை இல்லாத அன்னிக்கு சும்மா குந்திக்கினு இருக்குறதுக்கு பதிலா, இதுக்குத் தண்ணி புடிச்சு வெப்பேன். வாசல்ல ஒரு செடியாவது நிக்கணும், அண்ணி.”

அண்ணி ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தாள். இறங்கும்போது தொட்டிக்கு ஒரு கை கொடுத்தாள்.

“எங்கிட்ட பெரிய அண்டா இருக்குது. வந்து தூக்கிக்கினு போ.”