உப்பு தின்னாத ஒயர்

உப்புத்தோல் ஏற்றுகிற வண்டி இருக்கும்வரை ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு வேலை இருக்கும், ஐயா. பச்சைத்தோலை உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்தத் தண்ணீர் ஒழுகி ஒயரெல்லாம் பச்சை பூத்துவிடும். ஆம்பூர்ப் பக்கம் எந்த வண்டி மக்கர் பண்ணினாலும் முதலில் உப்பைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பூவரசனின் பழைய பிக்கப் அப்படித்தான் என்னிடம் வந்தது. வாலாஜாபேட்டையில் தோல் ஏற்றி இங்கே கொண்டுவருவான். முதல் தடவை நிஜமாகவே உப்புதான். சுரண்டித் துடைத்துச் சரிசெய்தேன். அவன் மனைவி தமிழினி, "சாப்ட்டுட்டுப் போங்கண்ணா" என்று உட்காரவைத்து ரசம் ஊற்றினாள். அம்மா போன பிறகு எனக்கு ஓட்டல் சாப்பாடுதான். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று ஒருவர் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத் தெரியாது. தமிழினி எனக்குத் தங்கச்சி மாதிரி.

வண்டி நன்றாக ஓடியது. ஆகவே யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த தடவை ஹாரன் வேலைக்கு வண்டி வந்தபோது, சீட்டுக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவுக்குள் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்து மூடி, வண்டிக்கு அடியில் பேட்டரிவரை நேராக ஒயர் இழுத்துவிட்டேன். சாவியை எடுத்த பிறகும் அது உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். காலையில் பேட்டரி செத்திருக்கும். தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். பூவரசனிடம் வேலை பார்த்த டிரைவர் வேலு தள்ளுவான், பூவரசன் கிளப்புவான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நினைத்தபடியே கூப்பிட்டார்கள். கரண்ட் எங்கே கசிகிறது என்று பூவரசன் எதிரிலேயே தேடினேன். பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் டெஸ்ட் லேம்ப் மாட்டி, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம். எதைப் பிடுங்கும்போது லேம்ப் அணைகிறதோ, அந்த வழியாகத்தான் கரண்ட் போகிறது. என் ஒயர் ஃபியூஸ் பெட்டிக்கே போகவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கியும் லேம்ப் எரிந்தது.

"இன்னா மோசஸ், பேய் கீய் பூந்துகிச்சா?" என்றான் பூவரசன்.

"உப்புதான். பாடியிலயே கசியுது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பாக்கணும்."

நம்பினான். இந்த ஊரில் உப்பு என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். நான் போவதும் சாப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. போகும்போதெல்லாம் என் ஒயரைத் துடைத்து கிரீஸ் தடவி வைப்பேன். அதையும் உப்பு தின்றுவிடக் கூடாதல்லவா?

வேலு மட்டும் ஒருநாள் கேட்டான். "இன்னாண்ணா, நீ கை வெச்சிட்டுப் போனா மறுநாளு ஜாஸ்தி எறங்குது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவனை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. வண்டியை நிறுத்திய பிறகு அவன் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான், அதுதான் பேட்டரி இறங்குகிறது என்று பூவரசனிடம் சொன்னேன். அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தள்ளுவதற்கு இனி ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. இனி தினமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பூவரசனுக்கு நெஞ்சுக் கோளாறு உண்டு. வலி வந்தால் உடனே வேலூருக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோறு போடும்போது தமிழினியே சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் பொழுது விடியும்போது போன் வந்தது. "அண்ணா, அவருக்கு மாரு வலிக்குது. வண்டி எடுக்கல. அவரு ஸ்டியரிங்ல உக்காந்துக்கினு இருக்காரு, நான் ஒருத்தியா தள்ளிப் பாத்துட்டேன், நகரல. ஆட்டோ எதுனா கூப்பிடட்டுமா?"

"வேற எதையும் தேடாதம்மா. பேட்டரி எடுத்துக்கினு இதோ வர்றேன்."

அவள் குரலில் அவ்வளவு நம்பிக்கை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா, பொய் சொல்லமாட்டேன். குளித்தேன். இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருந்தது, அதை மாட்டிக்கொண்டு போனேன். பூவரசன் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தான். தமிழினி இன்னும் பின்பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

காரியம் முடிந்த பிறகும் ஒயரை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது?

ஷூ கம்பெனியில் தமிழினிக்கு செக்கிங் வேலை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தையல் பிசகைக் கண்டுபிடித்தே பழகிய கண். வண்டியை விற்பதற்காகக் கழுவும்போது அடியில் குனிந்து பார்த்திருக்கிறாள். என்னை வரச்சொன்னாள். பக்கத்தில் வேலு நின்றிருந்தான்.

"உப்பு எல்லா ஒயரையும் தின்னுருக்குது. இந்த ஒண்ண மட்டும் ஏன் வுட்டுச்சு?"

அண்ணா என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

ஒயர் என்னுடையது. டப்பாவும் பல்பும் என்னுடையவை. வேலுவைப் பற்றிச் சொன்னது பொய். ஆட்டோ வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் புருஷன் உயிருக்குப் போராடும்போது அந்தப் பெண் முதலில் கூப்பிட்டது ஆம்புலன்ஸை இல்லை, என்னைத்தான். அதையும் விடாமல் எழுதுங்கள், ஐயா.