சிவப்புக் கொடிக்கு நின்றவன்

ஆவணி மாதம், பொழுது சாய்கிற நேரம். வரணி தாண்டி முள்ளிக்குப் போகிற தெரு. இரண்டு பக்கமும் வெளி... ஒரு வீடில்லை, ஒரு விளக்கில்லை. ஆவணியில் அங்கே நீரேரி வற்றி, அடி வெடித்து, இடையிடையே சேறாய்க் கிடக்கும். வற்றும்போது அகப்பட்ட மீனெல்லாம் சேற்றோடு அவிந்து நாறும். மூக்கைப் பொத்தினால் வாய்க்குள் வருகிற நாற்றம். அந்த இடத்தில்தான் மோட்டார்சைக்கிள் ஓட்டப் போட்டி வைத்தார்கள்.

சிரிக்காதீர்கள். தொண்ணூற்று நாலாம் ஆண்டு. சண்டைக் காலம், பெற்றோலுக்குத் தடை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படிக்கிறார்கள், அதற்கும் மண்ணெண்ணெய் இல்லை. இந்த விளையாட்டுக் கழகத்துக்காரர் அந்த மண்ணெண்ணெயை மோட்டார்சைக்கிளில் ஊற்றி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் புகையாக விட்டார்கள்.

தியாகராசாவைத் தெரியும்தானே? அவனுடைய மச்சான் செல்வரட்ணத்துக்கு நடந்தது இது. தம்பி யோகன் ஓடுகிறான் என்பதற்காகவே அவன் போட்டிக்குத் தொண்டனாகப் போனான். தாய் தகப்பன் இல்லாத தம்பி. இவன்தான் வளர்த்தது.

அவனுக்குக் கிடைத்த வேலை கடைசிப் பீப்பாய். வெளியின் அந்தத் தொங்கலில் ஒரு தார்ப்பீப்பாய். ஓடுகிறவர்கள் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். தொண்டன் சிவப்புக் கொடியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். யாராவது விழுந்தால் கொடி உயரும், எல்லாரும் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு வேறு ஒருவரும் வரவில்லை. ஏன் தெரியுமா...

எட்டு வருடத்துக்கு முந்தி, பெற்றோல் கிடைத்த காலத்தில், அதே பீப்பாயடியில் குருநகர்ப் பெடியன் மரியதாஸ் விழுந்தான். ஹாண்டில் வயிற்றுக்குள் போய்விட்டது. கழகத் தலைவர் மார்க்கண்டர் கொடியைத் தூக்க விடவில்லை. பரிசு கொடுக்கப் பெரிய மனிதர் வந்து கதிரையில் இருக்கிறாராம். ஒரு சாக்கை எடுத்து அவன்மேல் போட்டுவிட்டு ஓட்டத்தை முடித்தார்கள். கோப்பை கொடுத்து, மாலை போட்டு, சோடா குடித்து... பிறகு போய்ச் சாக்கைத் தூக்கினார்கள். கனநேரம் உயிர் இருந்திருக்கிறது. சாக்கைக் கடித்தபடி கிடந்தான். இவர்களெல்லாம் மனிதரா? தூ.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஆறு பேர். விருந்தினர் பிந்தி வந்ததால் மம்மல் பொழுதில், இருட்டப்போகிற நேரத்தில்தான் தொடங்கியது. பீப்பாயடியில் செல்வரட்ணம் தனிய. முதலில் மண்ணெண்ணெய்ப் புகை வரும், கண் எரியும். பிறகு இரைச்சல். ஆறும் திரும்பிப் போகும். பிறகு... ஒன்றுமில்லை. சேறு மட்டும் எங்கோ புளக், புளக் என்று குமிழி விடும்.

மூன்றாம் சுற்றில், ஆறும் போன பிறகு, இன்னொன்று வந்தது.

அதில் புகை இல்லை. பெற்றோல் மணம். சனம் மறந்தே போயிருந்த தனிப் பெற்றோல்... ஓட்டியவனின் முகம் தெரியவில்லை. பீப்பாயைச் சுற்றி, மற்றவர்களுக்குப் பின்னால் போய்விட்டான்.

அடுத்த சுற்றில் யோகன் விழுந்தான். முன்சில்லு வெடிப்புக்குள் இறங்கி, ஆள் பீப்பாயில் அடிபட்டுச் சேற்றில் குப்புறக் கிடந்தான். செல்வரட்ணம் ஓடிப்போய்ப் புரட்டினான். தொடையிலிருந்து இரத்தம் பீறியது. வாய்க்குள் சேறும் அழுகின மீன் செதிலும். ஒரு கையால் தொடையை அமத்திக்கொண்டு மற்றக் கையால் கொடியைத் தூக்கினான்.

முதல் வந்தவன் பார்த்தான், போனான். அடுத்தவனும் போனான். ஒருவன் யோகனின் காலில் ஏறாமல் விலத்திப் போனான், அவ்வளவுதான் அவனுடைய இரக்கம். தூரத்தில் மார்க்கண்டரின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"கொடியை இறக்கும், செல்வரட்ணம். இன்னும் ஒரு சுத்துத்தான் கிடக்கு. பெடியனை ஓரமாக் கிடத்திப்போட்டு நில்லும்."

"என்ரை தம்பி சாகப்போறான்" என்று இவன் கத்தியது யாருக்குக் கேட்கும்?

ஐந்து பேரும் போய்விட்டார்கள். பிறகு... பெற்றோல் மணம்.

அவன் நின்றான். சிவப்புக் கொடிக்கு நின்றது அவன் ஒருவன்தான்.

தலையைத் திருப்பவில்லை. பின் சீற்றைக் கையால் ஒருதரம் தட்டினான். செல்வரட்ணம் யோசிக்கவில்லை. தம்பியைத் தூக்கி நடுவில் இருத்தி, தான் பின்னால் ஏறி, தம்பியையும் சேர்த்து அணைத்தபடி முன்னால் இருந்தவனின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தான்.

கை உள்ளே போய்விட்டது.

சேட்டு நனைந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. மணிக்கட்டுவரை. குளிர்... வழுவழுப்பு... விரல்களுக்கிடையில் ஏதோ மெல்ல நெளிந்தது. இப்போது நாற்றம் சேற்றிலிருந்து வரவில்லை, அங்கிருந்துதான் வந்தது. கையை எடுத்தால் தம்பி விழுந்துவிடுவான். எடுக்கவில்லை. கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கை அதற்குள்ளேயே இருந்தது.

வாசலில் ஆட்கள் வந்து யோகனைத் தூக்கினார்கள். செல்வரட்ணம் திரும்பிப் பார்த்தான். மோட்டார்சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை.

யோகன் பிழைத்தான். இப்போது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான், வேறு குறையில்லை. செல்வரட்ணம்தான் பாவம். எத்தனை தேசிக்காய், எத்தனை சவர்க்காரம் போட்டுக் கழுவினானோ... இன்றுவரை கரண்டியால்தான் சோறு தின்கிறான்.

ஆனால் என் நித்திரையைக் கெடுக்கிறது அதில்லை. கண் விழித்த அன்று யோகன் தமையனிடம் சொன்னது.

"அண்ணை, முன்னாலை இருந்தவர் வழி முழுக்க ஒண்டைத்தான் கேட்டவர். ஓட்டத்தை நிப்பாட்டிப்போட்டாங்களோ எண்டு."

"எனக்கொண்டும் கேக்கேல்லையே. நீ என்ன சொன்னனீ?"

"இல்லை எண்டன். அப்ப சரி, உங்களை இறக்கிப்போட்டுத் திரும்பிப் போறன் எண்டவர்."

போட்டி நடந்த அன்றிரவு மற்ற ஐந்து பேரும் வீட்டுக்கு வரவில்லை. விடியத் தேடிப்போன சனம் தூரத்திலேயே இரைச்சலைக் கேட்டது. பீப்பாயைச் சுற்றிச் சுற்றி ஐந்தும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் மார்க்கண்டர், சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி. குரல் போய்விட்டது, வாய் மட்டும் நில்லுங்கோ, நில்லுங்கோ என்று அசைந்தது. ஒருவரும் நிற்கவில்லை.

கழகம் ஊற்றிவிட்டது ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான். அது முந்தின நாள் இருட்டமுன்னமே முடிந்திருக்க வேண்டும்.