வெள்ளைக் கார்ல சேறு படக்கூடாது

...அதான் மேடம் சொல்றேன், விமானம் செய்யற கம்பெனிக்கு வந்த தலைவருங்க ஒருத்தர்கூட விமானம் செய்யற எடத்தை எட்டிப் பாத்ததில்ல. நீங்க அஞ்சாவது. சேர்ற அன்னிக்கே டிரைவர் பொலம்பறானேன்னு நெனைக்காதீங்க. ஏசி போதுமா? கொஞ்சம் கூட்டறேன்.

எப்படி இருந்த கம்பெனி தெரியுமா... நம்ம சண்டை விமானம்னா ராணுவத்துக்காரங்க வரிசைல நின்னு வாங்குவாங்க. இப்போ? போன மாசம் ஒண்ணு திரும்பி வந்துச்சு. எறக்கைக்குள்ள யாரோ டார்ச் லைட்டை மறந்து வச்சு மூடிட்டாங்களாம். பிரிச்சுப் பாத்தா இன்னும் எரிஞ்சுட்டிருக்கு. அந்த பேட்டரி செஞ்சவன் நல்லா வருவான் மேடம்.

எங்க வீட்டம்மா ஃபேக்டரில ஒயரிங் பாக்கறா. முன்னெல்லாம் ஒரு போல்ட்டு கொறைஞ்சாலும் வேலையை நிறுத்திடுவாங்களாம். இப்போ 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சீட்டு ஒட்டி அடுத்த ஷெட்டுக்குத் தள்ளிடறாங்க. அந்த 'அப்புறம்' அப்படியே பறந்து போயிடுது. இவ ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினா, அங்க ஏழாவது மாடில ஸ்கிரீன்ல ஏதோ லாபக் கோடு மேல ஏறுதாம், எல்லாரும் கை தட்டறாங்களாம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட கத்தறா. நான் என்ன பண்ணுவேன்? ஸ்டியரிங்தானே எங்கிட்ட இருக்கு.

இன்னிக்கு மத்தியானம் நீங்க கையெழுத்துப் போட்டா ஃபேக்டரிக்குப் பூட்டு. ஊருக்கே தெரியும் மேடம், ரகசியம்னு நீங்கதான் நெனச்சிட்டிருக்கீங்க. பூட்டிட்டா எங்க வீட்டம்மா நாள் முழுக்க வீட்லதான். அத்தனை ஒயர்ல குத்தம் கண்டுபிடிச்ச கண்ணு. அப்புறம் அதுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்.

என்ன... ஏன் யாரும் போகலைன்னா கேக்கறீங்க? கேட்டாங்களே. மொதல்ல வந்த ஐயா இதே ரோட்லதான் கேட்டாரு, 'ஃபேக்டரிப் பக்கம் போலாமா'ன்னு. ரோடு தோண்டிப் போட்டிருக்குங்க, அடுத்த வாரம் பாக்கலாம்னேன். வெள்ளைக் காரு, அன்னிக்குத்தான் பாலிஷ் போட்டிருந்தேன். ரெண்டாமவர் கேட்டப்போ மழை. சேறு. மூணாமவர் காலத்துல புது சீட் கவர். நாலாமவர் கேக்கவே இல்ல, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனான்னா... அது வேற விஷயம்.

பாருங்க, ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். ஆபீஸ் அந்தப் பக்கம். சரக்கு ரயில் வேற, லேசுல முடியாது. இந்தப் பக்கம், எடது கைல நீலக் கூரை தெரியுதா? அதான் ஃபேக்டரி. நடந்தா இந்தக் காலி மனையைத் தாண்டினா போதும், கார்ல போனா சுத்தணும். இன்னிக்கு வேணாம் மேடம். நேத்துப் பெஞ்ச மழைல பாதை சொதசொதன்னு கெடக்கு, டயர்லேர்ந்து கண்ணாடி வரைக்கும் நாசமாயிடும். கையெழுத்தை முடிச்சுட்டு ஒரு நாள் நிதானமா... பூட்டினப்புறம் என்னத்தைப் பாக்கறதா? அதுவும் நியாயம்தான். ஆனா காரைக் கழுவறவனுக்குத்தான்...

மேடம்?

மேடம், பை இங்கயே இருக்கு. அட, செருப்பைக் கைல தூக்கிக்கிட்டு சேத்துல எறங்கிட்டாங்களே...

ஹலோ, நான்தான். ஷெட்லதான இருக்க? அங்கயே இரு. செருப்பைக் கைல வச்சுக்கிட்டு ஒரு அம்மா வருவாங்க. எங்கிட்ட கத்தறதையெல்லாம் அவங்ககிட்ட கத்து. யாரு கூட்டிட்டு வந்ததா? நான்தான், வேற யாரு.

போறதுதான் போனாங்க, கதவைச் சாத்திட்டுப் போயிருக்கலாம். திரும்பி வர்றப்போ அந்தச் சேத்துக் காலோட இதுலதானே ஏறுவாங்க.