பத்தாம் படியில் ஒரு வருஷம்

— அதெல்லாம் சரிம்மா. இந்தக் காகிதத்துல ஒரு கைநாட்டு வெச்சீங்கன்னா, நான் மூணு மணி பஸ்ஸைப் புடிச்சுப் பொன்னேரி போயிடுவேன்.

— இன்னா அவசரம் நைனா? எங்க குப்பத்துப் படகே இன்னும் வரல, அதுக்குத்தான் நானும் காலிக் கூடைய வெச்சிக்கினு உக்காந்துகீறேன். போன வருசம் ஏணிப் படத்தத் தூக்கிக்கினு வந்தப்ப எம்மாம் பொறுமை உனுக்கு. "அவசரமில்ல, நல்லா யோசிச்சு வைங்க, நாளைக்கு வரேன்"னு ஊடு ஊடா சொல்லிட்டுப் போன.

— அந்தப் பொறுமைதாம்மா என் வேலைக்கு உலை வெச்சுது. மெட்ராஸ்ல எங்க புரொஃபசர் ஃபைலைத் தூக்கி மேஜையில போட்டார். "வீரராகவன், பழவேற்காட்டு ஜனங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா, லாட்ஜ்ல உக்காந்து நீயே எழுதிட்டு வந்திருக்கே"ன்னார்.

— ஏன், கையெழுத்து நல்லா இல்லியா?

— கணக்கு ரொம்ப நல்லா இருந்துது. அதான் தப்பு. அதாவது, உங்க குப்பத்துல நாப்பது வீடு. ஏணியில பத்துப் படி. ரொம்பக் கஷ்டத்துல இருக்கறவங்க ஒண்ணு சொல்லணும், ரொம்ப சந்தோஷமா இருக்கறவங்க பத்து. இங்க பார்த்தா ஒவ்வொரு படியிலயும் கரெக்டா நாலு நாலு வீடு. உலகத்துல எந்த ஊர்லயும் சந்தோஷம் இப்படிப் பங்கு போட்ட மாதிரி இருக்காதாம்.

— பங்கு போட்டதுதானே நைனா.

— என்ன சொல்றீங்க?

— நீ படத்தக் குடுத்துட்டுப் பூட்ட. சாயந்தரம் கோயிலாண்ட ஊரே கூடிச்சு. ஒண்ணுன்னு சொன்னா சர்க்காரு நைலான் வலை குடுக்கும்னு ஒருத்தன். எல்லாரும் ஒண்ணுன்னா பக்கத்துக் குப்பத்தான் சிரிப்பான்னு இன்னொருத்தன். பத்துன்னு வாயால சொன்னா கண்ணு பட்டுப் பூடும்னு கோவிந்தம்மா. கைகலப்பு ஆவுற மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் எங்க தலைவரு அருணகிரி அண்ணன் சொன்னாரு, ஏரிக்கு இன்னா நாயமோ அதான் இதுக்கும், சீட்டுப் போட்டுடலாம்னு.

— சீட்டா?

— ஏரியில எந்த எடத்துல எவன் வலை போடறதுன்னு சீட்டு எடுத்துத்தானே போடறோம். பாடுன்னு சொல்லுவோம். நல்ல எடம், கெட்ட எடம் எல்லாருக்கும் மாறி மாறி வரும். மீனுக்குப் பாடு கீது, சந்தோசத்துக்கு இருக்கக் கூடாதா?

— சந்தோஷங்கறது மனசுக்குள்ள இருக்கறதும்மா. பானைக்குள்ள இல்ல.

— மனசுக்குள்ள கீறத எவன் பாத்தான்? பானையாவது எல்லார் கண்ணுக்கும் முன்னால கீது.

— அதுல யாராவது தில்லுமுல்லு பண்ணியிருந்தா?

— நாக்கக் கடிச்சிக்கோ. பாட்டுச் சீட்டுல பொய் பண்ணவன் எங்க ஊர்ல ஒருத்தன் கெடையாது. அண்ணன் தம்பி வெட்டிக்குவான், சீட்டுல கை வெக்க மாட்டான். ஏரியே வத்திப் பூடும் நைனா.

— சரி. வந்த நம்பரை என்கிட்ட சொன்னீங்க. அதோட முடிஞ்சுதா?

— எப்பிடி முடியும்? எடுத்த பாட்ட வருசம் முச்சூடும் காப்பாத்த வாணாமா? பூவராகவனுக்குக் கல்யாணமாயிப் பதினஞ்சு நாளு. அவனுக்கு வந்தது ஒண்ணு. புது மாப்பிள்ள மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு திரியறான். பொண்டாட்டிக்காரி, "என்னக் கட்டிக்கினு உனுக்கு ஒண்ணாம் படியா"ன்னு துணிய மூட்ட கட்டிக்கினு எளாவூருக்கு ஆத்தா ஊட்டுக்குப் பூட்டா. அப்பறம் அவன் மெய்யாலுமே ஒண்ணாம் படிக்கு எறங்கிட்டான். மறுபடியும் ஊர் கூடி, கதவ சாத்திக்கினு உள்ள சிரிச்சுக்கலாம்னு தீர்ப்பு சொன்னப்பறந்தான் அவ திரும்பி வந்தா.

— அவர் கேஸை எப்படியாவது சமாளிச்சுடுவேன். என் கழுத்துக்குக் கத்தி உங்க பேப்பர்தான். கேளுங்க: "குப்பாயி, வயது முப்பத்திரண்டு. கணவர் ராஜவேலு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்து இரண்டு மாதம். மகிழ்ச்சி, பத்து." புரொஃபசர் இதை ரெண்டு தரம் படிச்சார். "புருஷன் செத்து ரெண்டு மாசம், பத்தாம் படியா? பொய் எழுதறதுக்கும் ஒரு வெக்கம் வேணாமா"ன்னு கேட்டார். பியூன் நிக்கறான் பக்கத்துல.

— பாவமே. காத்தால நாஷ்டாவாவது துன்னியா?

— எனக்குச் சாப்பாடே இறங்கலம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கைநாட்டு போகலேன்னா வேலை போயிடும். திருவள்ளூர்ல எங்கப்பா பையன் யூனிவர்சிட்டியில இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார்.

— கலங்காத நைனா, வெக்கறேன். எனுக்கின்னா போவுது, ஒரு வெரலு தானே. அந்த சீட்டே எனுக்குச் சேர வேண்டியது இல்ல, தெரியுமா? ஆம்பள பூட்டா அந்த ஊட்டுக்குப் பாடு கெடையாது.

— அப்புறம் எப்படி எடுத்தீங்க?

— நான் உள்ள சுருண்டுக்கினு கெடந்தேன். அதுக்கு மொத வாரந்தான் ஒரு நாளு ஏரிக்குள்ள நடந்துக்கினே பூட்டேன். கழுத்து மட்டும் தண்ணி வந்தப்ப அருணகிரி அண்ணன்தான் முடியப் புடிச்சு இழுத்தாந்தாரு. அவரே வந்து கூப்ட்டாரு. "இது மீன் பாடு இல்ல குப்பாயி, சந்தோசப் பாடு, ஊட்டுக்கு ஒண்ணு. நீயே மொதல்ல எடு"ன்னாரு. எடுத்தேன். எழுத்து தெரியாது எனுக்கு, பத்துப் பைசா தெரியும். பத்து. அப்பறம் அந்தப் பானை ஈரமா கீதுன்னு சொல்லி வேற பானை கொணாந்து மத்தவங்களுக்கு வெச்சாங்க.

— துக்கத்துல இருக்கறவங்களுக்குப் பத்து. அதிர்ஷ்டத்துக்குக் கண்ணே இல்ல.

— அப்பறம் எங்க அழுவுறது? கண்ணு செவந்தா, "பத்தாம் படி, இன்னாடி ஆச்சு"ன்னு வாசல்ல நாலு பேரு. அடுப்புப் புகைன்னு சொல்லணும். பட்டினியும் கெடக்க முடியாது. பத்தாம் படி காயக் கூடாதுன்னு ஆளுக்கொரு சட்டிக் கொழம்பு வந்துடும். தாலி அறுத்தவ எதிர்ல வந்தா வலைய எறக்கி வெச்சுட்டு ஊட்டுக்குத் திரும்பற ஊரு நைனா அது. அங்க, எறா கம்பெனி ஐஸ் லாரிக்கு மொதக் கூடை ஏங் கையால. பொறந்த கொழந்தைக்குப் பேரு வெக்க நானு. ஒரே பேஜாரு, போ. முறைக்குன்னு சிரிச்சிக்கினு கெடந்தேன். எது முறைக்கு, எது மெய்யாலுமேன்னு போவப் போவ எனுக்கே தெரியாமப் பூடுச்சு.

— இந்த வருஷம் என்ன நம்பர்?

— நாலு. எல்லாரோடயும் வரிசையில நின்னு எடுத்தேன். நல்ல படி. அழுவலாம், சிரிக்கலாம், எவளையாவது திட்டணும்னாலும் திட்டலாம்.

— அதோ படகு வர்ற மாதிரி இருக்கு. கட்டை விரலை இந்த மையில தொடுங்க. நீங்க சொன்ன சீட்டு விஷயத்தையும் இப்பவே சேர்த்து எழுதிட்டேன். படிச்சுக் காட்டிடறேன், அதான் முறை: "சென்ற 1972-ஆம் ஆண்டு நான் பத்து என்று கூறியது பொய். சீட்டில் வந்ததையே கூறினேன். அப்போது நான் மகிழ்ச்சியாக இல்லை. மகிழ எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை."

— கடைசியில இன்னா சொன்ன?

— மகிழ ஒரு காரணமும் இருக்கவில்லைன்னு.

— அந்த மைய எடுத்துடு நைனா.

— என்னம்மா இது, இப்பதானே வெக்கறேன்னீங்க?

— துக்கமா இருந்தேன்னு எழுது, வெரலு வெக்கறேன். காரணமே இல்லன்னு எழுதிக்கீற. அது பொய்யி.

— சீட்டுல விழுந்த நம்பர்ம்மா அது. அதுல காரணம் எங்கேர்ந்து வந்துது?

— பத்தாம் படிக்கு எத்தினி சீட்டு போட்டிருப்பாங்க? நீதான் கணக்கு சொன்னியே.

— நாப்பது வீடு, பத்துப் படி. நாலு சீட்டு.

— அன்னிக்குப் பானையில கைய வுட்டேனா, உப்புக் காத்துல சீட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கொத்தா வந்துச்சு. யாரும் பாக்கல. பயத்துல ஒண்ண மட்டும் நீட்டிட்டு மிச்சத்த மடியில சொருவிக்கினேன். ஊட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தேன். நீட்டுனதோட சேத்து ஏழு நைனா. ஏழுலயும் பத்து.